குளிர் வரும்வரை

தண்ணீர் விளாவி வைத்தது போல இருந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து முழு உடம்பும் என்று இறங்குவதுதான் நம்புச்செல்வியின் வழக்கம். அந்த முதல் சில்லிப்புக்கு "அடி ஆத்தீ" என்று வாய்விட்டுச் சொல்லாமல், கடல்பாசி எடுக்க வந்த இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. இன்று அந்த வார்த்தை வரவில்லை. மாசி மாசம். காலைக் கடல். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற பதத்தில், யாரோ கைவிட்டுப் பார்த்து, இன்னும் ஒரு செம்பு வெந்நீர் சேர்த்து, போதும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிற தண்ணீர். யார் விளாவியது? நல்ல கேள்விதான், வெளியில் கேட்டால் கிறுக்கு என்பார்கள். இவ்வளவு பெரிய கடலுக்கு அடுப்பு மூட்ட ஆள் யார் இருக்கிறார்கள். சேலைக்கு மேல் போட்டிருந்த புருஷனின் பழைய சட்டை தண்ணீரில் உப்பி எழுந்தது, அதைத் தட்டி அமுக்கினாள். விரல்களில் சுற்றிய துணி, காலில் துடுப்புப் போலக் கட்டிய தகடு, இடுப்பில் வலைப்பை, கண்ணுக்குக் கண்ணாடி, எல்லாம் எப்போதும் போலத்தான். பக்கத்தில் குதித்த தமயந்தி முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இன்னைக்கு நல்லா இருக்குல்ல? எங்க ஊரு கம்மாத் தண்ணி மாதிரியே இருக்கு." நம்புச்செல்வி "ம்" என்றாள். நல்லாத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தமயந்தி அவள் கொழுந்தன் பெண்டாட்டி. கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள், கலியாணமாகி வந்த புதிதில் கரையில் கால் நனைக்கவே அடுத்தவள் கையைப் பிடித்தவள். கொழுந்தன் கேரளாவுக்குப் போய்த் திருவிழாவுக்குத் திருவிழா முகம் காட்டுகிற ஆளானதும் அவளும் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறிவிட்டாள். இப்போது பாருங்கள், நம்புச்செல்வியின் பை பாதி நிறைவதற்குள் அவள் பை பிதுங்குகிறது. பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். காலையில் வள்ளத்தில் வரும்போது, "அக்காவுக்கு மூச்சு கொறஞ்சு போச்சு, இனிமே கரையில ஒக்காந்து பாசிய காயப்போட வேண்டியதுதான்" என்று அந்தக் கமுதிக்காரி சொன்னதும் கூட வந்த பெண்கள் எல்லாம் கொக்கரித்துச் சிரித்தார்கள். நம்புச்செல்வியும் விடவில்லை. "அம்புட்டு மூச்சு இருந்தா வெளிப்பார் வரைக்கும் போயி எடு. யாரு வேணாங்குறா? குளிரு வந்தாத் திரும்பு, அம்புட்டுதான்" என்றாள். கேலிக்குச் சொன்னதுதான். ஆனாலும் அது வெறும் கேலி இல்லை, அவர்களுடைய தொழில் கணக்கே அதுதான். கடிகாரம் கட்டிக்கொண்டு யாரும் இறங்குவதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதை உடம்புதான் சொல்லும். குளிர் முழங்காலோடு நிற்கிறவரை வேலை பார்க்கலாம். இடுப்பைப் பிடித்தால் வள்ளத்தைத் தேட வேண்டும். பல் அடித்துக்கொண்டால் பையை அவிழ்த்துப் போட்டுவிட்டாவது திரும்ப வேண்டும். போதாததற்கு, பார் என்கிற கடலடிப் பவளக்கல் திட்டு முடிந்து கடல் ஆழத்துக்கு இறங்குகிற விளிம்பில் அடியிலிருந்து ஒரு சில்லிப்பு எழும்பி வந்து உள்ளங்காலைத் தொடும். அதற்கு அந்தப் பக்கம் நீவாடு, ஆளைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிற ஓட்டம். அந்தச் சில்லிப்பைத் தாண்டி எவளும் போனதில்லை. அதைத்தான் தமயந்திக்கும் முதல்நாளே சொல்லிவைத்தாள், அவளும் வேதவாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள்.

முங்கினாள். தலை உள்ளே போனதும் காது எதையோ எதிர்பார்த்து நின்றது. என்ன அது, என்னத்தைத் தேடுகிறது இந்தக் காது? அப்புறம்தான் உறைத்தது. சத்தம் இல்லை. முன்பெல்லாம் தலை தண்ணீருக்குள் போனதுமே பார் பொரியும். கல்லிடுக்கில் இருக்கிற பொடி இறாலும் நண்டும் ஓயாமல் சொடுக்குகிற சத்தம், காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது போல. தண்ணீர் கலங்கிக் கண் தெரியாத நாளில் அந்தப் பொரியலைக் காதால் பிடித்துத்தான் பார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பார்கள். போன சித்திரையில் கல்லெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்தபோதே சத்தம் தேய்ந்துவிட்டது, மழை வந்தால் சரியாகிவிடும் என்றார்கள், மழையும் வந்தது, மார்கழியும் வந்தது, தையும் போயிற்று. இன்று சுத்தமாக இல்லை. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது, யாரோ பக்கத்து அறையில் மெதுவாக உலக்கை போடுகிற மாதிரி. வெளுத்த கல்லின் மேல் பச்சையாக ஒரு பஞ்சு படர்ந்திருந்தது, பழைய சோற்றில் பூப்பது போல. கை வைத்தால் கலைந்து புகையாகப் போனது, உள்ளே கல் வெள்ளையாக இருந்தது. ஒரே ஒரு ஓரா மீன் அவள் காலில் கட்டிய தகட்டைக் கொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஓரா கூட்டமாகத்தான் வரும். பாசியைக் கிள்ளும்போது சிதறுகிற பூச்சிக்கு அடித்துக்கொண்டு வரும். இது ஒற்றையாக, வேறு போக்கிடம் தெரியாத மாதிரி வந்தது. சூ, போ, என்று காலை உதறினாள். அது போகவில்லை.

மரிக்கொழுந்துப் பாசி ஒரு கல்லில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நுனியைத்தான் கிள்ள வேண்டும், வேர் கல்லிலேயே நிற்க வேண்டும், அடுத்த தடவைக்கு அதுதான் முதல். நுனியைத்தான் கிள்ளினாள். வேரோடு கையில் வந்தது. யாரும் பார்த்துவிட்டார்களா என்று தண்ணீருக்குள்ளேயே திரும்பிப் பார்த்தாள், அசட்டுத்தனம்தான். இன்னொன்றைத் தொட்டாள், கிள்ளக்கூட இல்லை, தொட்டதும் வந்தது, வெந்த கீரை மாதிரி. வேரைக் கல்லின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். இரு, இங்கேயே இரு. விரலை எடுத்ததும் அது மெதுவாக எழும்பி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அழுத்தினாள், எழும்பியது. எத்தனை தடவை அழுத்தினாளோ, அதற்குள் மூச்சு முட்டியிருக்க வேண்டும், முட்டவும் இல்லை, உடம்பு அவசரப்படவே இல்லை, மடியில் போட்டுத் தட்டுகிற மாதிரி தண்ணீர் அவளைச் சும்மா வைத்திருந்தது. இந்தச் சுகம் எங்கேயோ பார்த்த சுகம். யாருடைய முகத்தில் பார்த்தது? மேலே வந்து மூச்சை விட்டு "ஊ" என்று கூவினாள். சோடியாக இறங்குகிறவர்கள் மேலே வரும்போதெல்லாம் கூவ வேண்டும், மற்றவள் பதிலுக்குக் கூவ வேண்டும், அது பழக்கம். தமயந்தி "ஊ" என்று கூவத் தெரியாதவள். கம்பங்கொல்லையில் குருவி விரட்டின தொண்டை, "ஆலோ ஆலோ" என்று இழுப்பாள், அதற்கும் வள்ளத்தில் கேலி நடக்கும். "ஆலோ ஆலோ" என்று வந்தது. சரி, இருக்கிறாள். மறுபடி முங்கினாள்.

சவுரியம்மா முகம். அதுதான். நினைக்க வேண்டாம் என்று எத்தனை தடவை தள்ளினாலும் அந்தப் பாசி வேர் போல எழும்பி வந்து நிற்கிறது. கார்த்திகை முடிகிற சமயத்தில் பட்டப்பகலில், அலையே இல்லாத கடலில் செத்துப்போனாள் சவுரியம்மா. வள்ளத்தில் வருகிறவர்களிலேயே நீச்சலில் கெட்டிக்காரி. பாருக்கு வெளியே மல்லாக்க மிதந்தாள், பை நிறையப் பாசி, முகத்தில் ஒரு கீறல் இல்லை, தூங்குகிற பிள்ளையின் முகம். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். புருஷனோடு சண்டை என்றார்கள். இந்த ஊரில் வாய்க்குப் பஞ்சமா? ஆனால் நம்புச்செல்வியை அறுத்தது அது இல்லை. வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டபோது சவுரியம்மாவின் காலைப் பிடித்தவள் இவள்தான். கால் வெதுவெதுவென்று இருந்தது. உசிரு இருக்கு, உசிரு இருக்கு என்று கத்தி, உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து, கரை வரைக்கும் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இறந்து வெகு நேரம் ஆயிற்று என்றார். பொய் சொல்றாரு, உடம்பு சுடுதே என்று அவரோடு சண்டைக்கே போனாள். குழிக்குள் இறக்குகிற வரைக்கும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. இன்னும்கூடச் சோற்றுப் பானையை இறக்கும்போது கையில் அந்தக் கால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செத்த உடம்பு எப்படிச் சுடும்? கடலில் கிடந்த உடம்பு மீன் மாதிரி சில்லிட்டுத்தானே போக வேண்டும்? யார் அவளைச் சூடாக வைத்திருந்தது? ஒரு ஜெல்லிமீன், இவர்கள் வாயில் சொறி, அவள் தோளை உரசிக்கொண்டு போனது, கண்ணாடி போல, உள்ளே ஒன்றுமே இல்லாமல். அதுவும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் சொறிதான் கூட்டமாக வருகிறது.

யார் விளாவியது, யார் சூடாக வைத்திருந்தது. இரண்டும் ஒரே கேள்வி என்று மேலே வந்து மூச்சு விடும்போதுதான் தெரிந்தது. தண்ணீர் சுட்டது, அதனால் உடம்பு சுட்டது, அவ்வளவுதானே, இதற்கா இத்தனை நாள் பேயைப் பார்த்தவள் மாதிரி முழித்தோம் என்று ஒரு கணம் நெஞ்சு லேசாகிச் சிரிப்புக்கூட வந்தது. கூவினாள். பதிலுக்குக் காத்திருக்கும்போது காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஆட்டுகிற கால் கனத்திருந்தது, ஏன் இப்படிக் கனக்கிறது, இப்போதுதானே இறங்கினோம். இப்போதுதானா? சூரியனைப் பார்த்தாள். உச்சிக்கு வந்திருந்தது. அவள் கண் பொய் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். உச்சியா? குளிர் இன்னும் முழங்காலைக்கூடத் தொடவில்லையே. விரலில் சுற்றின துணியை அவிழ்த்துப் பார்த்தாள்; தோல் வெளுத்துச் சுருங்கி யாரோ கிழவியின் கையாக இருந்தது. சாதாரணமாக இவ்வளவு நேரத்துக்குப் பல் கிட்டியிருக்கும், இரண்டு தடவை வள்ளத்தில் ஏறி வெயில் காய்ந்திருப்பாள். உடம்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சவுரியம்மாவிடமும் அது சொல்லவில்லை. அலுத்துக் களைத்து, கை கால் ஓய்ந்து, ஓட்டத்துக்குள் போகிற வரைக்கும் அவளுக்கு அது பஞ்சு மெத்தையாகத்தான் இருந்திருக்கும். விளிம்பில் உள்ளங்காலைத் தொட வேண்டிய சில்லிப்பு எழும்பி வரவே இல்லை. வேலியைக் காணோம். குளிரு வந்தாத் திரும்பு. குளிரு வந்தாத் திரும்பு என்று நான்தானே சொன்னேன், காலையில் அத்தனை பேர் முன்னால் கேலியாக, வெளிப்பார் வரைக்கும் போ என்று நான்தானே சொன்னேன். கூவினாளே, பதில் வந்ததா? வரவில்லை. அதற்கு முந்தின கூவலுக்கு? நினைவில்லை. எப்போதிலிருந்து அவள் பதிலே இல்லாமல் தன்பாட்டுக்குக் கூவிக்கொண்டிருக்கிறாள்? பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். பை அடியில் போயிற்று, போகட்டும். வெளிப்பார் பக்கம் அடித்துப் போனாள், தலையைத் தூக்கித் தூக்கிக் கூவிக்கொண்டு. கடல் தட்டு கழுவி வைத்தது போல அசையாமல் கிடந்தது, இப்படி ஒரு தெளிவான கடலைத்தான் எல்லாரும் கும்பிட்டுக் கேட்பார்கள். கீழே பார் வெள்ளை வெள்ளையாக ஓடியது. பின்னால் ஒரு தடவை பார்த்தபோது அந்த ஓரா மீன் இன்னும் வந்துகொண்டிருந்தது. தமயந்தியின் சின்ன மகள் காலையில் பால்வாடி வாசலில் நின்று, பெரியம்மா என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் இவளைப் "பெய்யம்மா" என்றுதான் கூப்பிட்டது. அம்மாவ சீக்கிரமா கூட்டியா பெய்யம்மா என்றது. தினமும் சொல்கிற வார்த்தைதான், இன்றைக்கு ஏன் முள் மாதிரி நிற்கிறது. கால் வர மாட்டேன் என்றது. கொஞ்சம் மல்லாந்து மிதந்தால் என்ன, ஒரே ஒரு நிமிஷம், தண்ணீர் எவ்வளவு இதமாகத் தாங்குகிறது. சீ, என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். மறுபடி கூவினாள். வெகு தூரத்தில், இருக்கவே கூடாத திசையில், பாருக்கு அந்தப் பக்கம், கம்பங்கொல்லைக் குருவிகளை விரட்டுகிற அந்தக் குரல், தூக்கத்தில் பேசுகிற மாதிரி மெதுவாக வந்தது. "ஆலோ..."

தமயந்தி மல்லாந்து கிடந்தாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, பை இடுப்பில் பிதுங்கியது. அதே முகம், சவுரியம்மாவின் முகம். நம்புச்செல்வி பாய்ந்து போனாள். கையைப் பிடித்தாள். கை வெதுவெதுவென்று இருந்தது. கத்திவிட்டாள். தமயந்தி கண்ணைத் திறந்தாள். "என்னக்கா கத்துறீக? இங்கிட்டு எம்புட்டு பாசி தெரியுமா." அவள் நாக்கு குழறியது. "வா, திரும்பு, வள்ளத்தப் பாரு எங்க கெடக்குன்னு" என்றாள் நம்புச்செல்வி. தமயந்தி தலையைத் திருப்பிப் பார்த்தாள். வள்ளம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் சின்னதாகிக்கொண்டிருந்தது. "இம்புட்டு தூரமா வந்துட்டேன்? தூக்கமா வருதுக்கா." நம்புச்செல்வி தமயந்தியின் பையை அவிழ்த்து விட்டாள். அவள் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பளிச்சிடும்படி வள்ளத்தைப் பார்த்து ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். வள்ளத்தில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்குகிற வள்ளக்காரர் நாகசாமி அண்ணன் எழுந்திருக்க வேண்டுமே. தண்ணீர் அவர்கள் இருவரையும் அவசரமே இல்லாமல், அணைத்துக்கொண்டு, வெளியே நடத்திக்கொண்டு போனது. கடைசியில் எஞ்சின் சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வள்ளத்தில் ஏற்றி உட்கார வைத்து, நாகசாமி அண்ணன் தூக்குவாளித் தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். தமயந்தியின் விரல் மடங்கவில்லை. நம்புச்செல்விதான் வாயில் வைத்துப் புகட்டினாள். அறிவில்லையாடி என்று தோளில் ஓர் அடி போட்டாள், போட்ட கையாலேயே கட்டிக்கொண்டாள். தமயந்திக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை, அடிபட்ட பிள்ளை மாதிரி பார்த்தாள். "நீங்கதானக்கா சொன்னீக, குளிரு வந்தாத் திரும்புன்னு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வரவே இல்லக்கா." "இனிமே வராது." "அப்ப எத வச்சுக்கா திரும்புறது?" நம்புச்செல்வி மூடியில் மிச்சமிருந்த தேநீரை அவள் வாயில் சாய்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது, அந்த வெயிலில் நம்புச்செல்வியின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தண்ணீருக்குள் வராத குளிர் எல்லாம் இப்போது எலும்புக்குள்ளிருந்து வந்தது. "என்ன தாயி, இப்புடி நடுங்குற?" என்று நாகசாமி அண்ணன் துண்டை எடுத்துப் போர்த்தினார். போர்த்திவிட்டு, "மத்த புள்ளைக எங்க, ஒண்ணையும் காணோம்? வெயில் காயக்கூட இன்னைக்கு ஒருத்தியும் ஏறலையே" என்று பார்த்தார்.

அவளும் பார்த்தாள். வள்ளத்தைச் சுற்றித் தட்டையான, மினுமினுக்கிற கடல். ஒரு தலை இல்லை. காலையில் இதே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தவர்கள், அத்தனை பேரும் அதே கணக்குக்காரிகள். துண்டு நழுவ எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, உள்ளதெல்லாம் சேர்த்துக் கூவினாள். "ஏய், எல்லாரும் வாங்கத்தா! வள்ளத்துக்கு வாங்க!" பதில் வந்தது. கிழக்கே வெகு தூரத்திலிருந்து ஒரு குரல், தெற்கே பாருக்கு வெளியிலிருந்து ஒரு குரல், தூரத்தில் கோடாகத் தெரிகிற தீவுக்கு அந்தப் பக்கமிருந்து கொசுச் சத்தம் மாதிரி ஒன்று, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், எல்லாம் சந்தோஷமாக, எல்லாம் ஒரே பதிலாக. "அதுக்குள்ள என்ன? இன்னும் குளிரலையே!" நாகசாமி அண்ணன் எஞ்சினைத் தட்டிவிட்டு, எந்தப் பக்கம் முதலில் போவது என்று அவள் முகத்தைப் பார்த்தார்.